பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம்

எனக்கு 36 வயது. நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் பன்னிரண்டு வருஷமாக ஒப்பந்தத் தொழிலாளி. மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. மனைவி, ஏழாவது படிக்கும் மகள், கூடவே அப்பா. அம்மா காலமாகிவிட்டார்.

நான் பிறப்பதற்கு முன்பே எங்கள் தாத்தாவின் நாலு ஏக்கரும் வீடும் சுரங்கத்துக்குப் போய்விட்டன. பட்டா தாத்தா பேரில் இருந்தது. நிலத்துக்கு ஈடாகக் குடும்பத்தில் ஒருவருக்கு வேலை கிடைத்தது. மூத்தவர் என்பதால் பெரியப்பாவை அனுப்பினார்கள். "இவன் உள்ள போனா தம்பியைக் கைவிட மாட்டான்" என்று தாத்தா சொன்னாராம். பெரியப்பாவுக்கு வேலை நிரந்தரமானது. குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அவர் மகன், என் அண்ணன், டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் படித்து இன்று சென்னையில் இன்ஜினியர். அப்பா முந்திரித் தோப்புக் காவல், கட்டட வேலை என்று காலத்தை ஓட்டினார். பெரியப்பா சில வருஷம் அரிசி மூட்டை அனுப்பினார். பிறகு அதுவும் நின்றது. எனக்குப் பத்து வயதாகும்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை. பண்ருட்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அத்தை மட்டும் இரண்டு பக்கமும் வந்து போவார்.

போன வாரம் பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. வடலூரில் வீடு கட்டியிருக்கிறார். வைகாசியில் கிரகப்பிரவேசம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை வைத்து நீட்டினார். அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். நான்தான் வாங்கினேன். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. "போறதுன்னா போ. அந்த நிலைவாசல்ல என் பங்கும் இருக்குன்னு நெனச்சுக்கிட்டுப் போ" என்றார். பழைய வீட்டு நிலையையும் கதவையும் பெரியப்பா பெயர்த்து வைத்திருந்து, இப்போது புது வீட்டில் பொருத்தியிருக்கிறாராம்.

எனக்குப் பெரியப்பா மேல் கோபம் இருக்கிறதா என்றே தெரியவில்லை. போனால் அப்பாவுக்குத் துரோகம். போகாவிட்டால் இதே பகையை என் மகள் கையில் கொடுத்தவனாவேன். என்ன செய்வது?

தம்பி, போங்கள். மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். வைகாசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் உங்கள் அப்பாவோடு உட்கார்ந்து செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் போனால் நீங்கள் எழுதிய துரோகம் உண்மையாகிவிடும்.

நானும் நெய்வேலியில் வளர்ந்தவள்தான். ஆனால் நீங்கள் வளர்ந்த நெய்வேலி வேறு, நான் வளர்ந்த டவுன்ஷிப் வேறு. என் அப்பா தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர். பக்கத்து வீட்டில் மலையாளிகள், எதிர்வீட்டில் தெலுங்குக் குடும்பம். பள்ளிக்கூடத்தில் "எந்த ஊர்?" என்று யாரும் கேட்டதில்லை. "எந்த வட்டம்?" என்றுதான் கேட்பார்கள். வட்டத்தின் எண்ணைச் சொன்னால் போதும், அதுவே எங்கள் முகவரி, அதுவே எங்கள் அடையாளம். எங்கள் வீட்டு மாமரத்தை அப்பா நட்டார். அந்த மண் அதற்கு முன் யாருடையது என்று கேட்க எனக்கு இருபத்தைந்து வயது ஆக வேண்டியிருந்தது. உங்களைப் போன்றவர்களின் கடிதங்களைப் படிக்கும்போதெல்லாம் அந்தத் தாமதம் எனக்கு உறுத்துகிறது.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்பதில் ஆரம்பிக்கிறது ஊர்க்கதை. 1956 நவம்பரில் சுரங்க நிறுவனம் பதிவானது. 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1962இல் மின்சாரம் வந்தது. இவ்வளவும் பாடப்புத்தகத்தில் கிடைக்கும். சுரங்கம் விரிய விரியக் கிராமங்கள் ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்தன. அப்போது ஒவ்வொரு வீட்டுத் திண்ணையிலும் நடந்த பேச்சை எந்தப் புத்தகமும் எழுதவில்லை. நிலத்தை உழுதவர்கள் அண்ணன், தம்பி, அவர்கள் பெண்டாட்டிகள், கல்யாணமாகாத தங்கை, தாத்தா, பாட்டி என்று ஏழு பேர். பட்டாவில் இருந்த பெயர் ஒன்று. வந்த வேலை ஒன்று. ஏழு பேரின் சோறு ஒருவரின் சம்பளமாக மாறிய நாள் அது.

உங்கள் தாத்தா அன்று செய்தது அநியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டுக் குடும்பத்தில் மூத்தவன் சம்பாதித்தால் அது எல்லோருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அவர் பெரியப்பாவை அனுப்பினார். நிலம் இருந்தவரை அந்த நம்பிக்கை பலித்தது, ஏனென்றால் நெல் எல்லோர் கண்முன்னாலும் களத்தில் கிடந்தது. சம்பளம் அப்படி இல்லை. அது ஒருவர் பெயரில், ஒருவர் கையில் வருகிறது. குவார்ட்டர்ஸ் அவர் மனைவி மக்களுக்குத்தான். தம்பியின் பிள்ளையைக் கொண்டுவந்து படிக்கவைக்க வேண்டுமென்றால் மனசு மட்டும் போதாது, அந்த இரண்டு அறை வீட்டில் இடமும் வேண்டும். பெரியப்பா கெட்டவராக மாறித்தான் அரிசி மூட்டை நின்றது என்று முடிவு கட்ட வேண்டாம். நின்றதற்கு அவரிடம் ஒரு காரணம் இருக்கும். அதை இன்று வரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இதைப் பங்காளிக் காய்ச்சல் என்று ஊர் சொல்லிவிட்டுப் போய்விடும். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இவான் பொசர்மெனி-நாகி என்ற மனநல மருத்துவர் 1973இல் குடும்ப விசுவாசத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத ஒரு பேரேடு இருக்கிறது என்றார் அவர். யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள், என்ன பாக்கி என்பது அதில் ஏறிக்கொண்டே இருக்கும். தீராத பாக்கி அடுத்த தலைமுறைக்குப் போகும். கடன் வாங்காத பிள்ளை வட்டி கட்டும், தான் வட்டி கட்டுகிறோம் என்று தெரியாமலே.

உங்கள் கடிதத்தில் அந்த வட்டி தெரிகிறது. பெரியப்பா மேல் உங்களுக்குக் கோபம் இருக்கிறதா என்றே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது அப்பாவின் கோபம். அவருக்காக நீங்கள் சுமக்கிறீர்கள். பத்து வயதில் ஒரு பையன் அப்பாவின் முகத்தைப் பார்த்துத் தன் நாக்கைக் கட்டிக்கொள்கிறான், அண்ணனோடு விளையாடப் போவதை நிறுத்துகிறான். அதற்குப் பிறகு "நான் யார்?" என்று அவன் தன்னையே கேட்கும்போதெல்லாம் "வேலை கிடைக்காதவரின் மகன்" என்ற பதில் வருகிறது. பன்னிரண்டு வருஷமாகச் சுரங்கத்தில் வேலை செய்தும் நீங்கள் உங்களைப் பற்றி எழுதியது நான்கு வாக்கியம். மற்றதெல்லாம் தாத்தாவும் பெரியப்பாவும் அப்பாவும். உங்கள் வேலை என்ன என்றுகூட எழுதவில்லை. கன்வேயரா, பம்ப்பா, எலெக்ட்ரிக்கலா? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள். எனக்குத் தெரிய வேண்டும்.

இனி செய்ய வேண்டியது.

அப்பாவிடம் பேச்சை எடுக்க ராத்திரிச் சாப்பாட்டு நேரம் வேண்டாம். நடு வீட்டில், மனைவி மகள் முன்னால் வேண்டாம். வேலை கிடைக்காமல் போன மனிதர் மருமகள் முன்னால் அழ மாட்டார், அதற்குப் பதிலாகச் சத்தம் போடுவார். உங்களுக்கு ஓய்வு நாளாகப் பார்த்து அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கேயாவது போங்கள். வில்லுடையான்பட்டு முருகன் கோயில் நல்ல இடம். பங்குனி உத்திரத்துக்குச் சுற்றுப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் காவடியோடு வந்து சேரும் கோயில் அது. ஊர் போன பிறகும் ஊர்க்காரர்கள் தேடி வரும் இடம். உங்கள் அப்பா சிறுவயதில் அங்கே போயிருப்பார். மரத்தடியில் உட்காருங்கள்.

"போகட்டுமா வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். கேட்டால் தீர்ப்பு சொல்லும் இடத்தில் அவரை உட்காரவைத்துவிடுவீர்கள். எழுந்து வர அவருக்கு வழி இருக்காது. "பெரியப்பா பாவம்பா, வயசாயிடுச்சு" என்று ஒருபோதும் ஆரம்பிக்காதீர்கள். அதைக் கேட்ட நிமிஷமே நீங்களும் கட்சி மாறிவிட்டீர்கள் என்று அவருக்குத் தோன்றிவிடும். "நம்ம பழைய வீடு எப்படி இருந்துச்சுப்பா?" என்று கேளுங்கள். வாசல் எந்தப் பக்கம், கிணறு எங்கே, மாடு எத்தனை, பலாமரம் இருந்ததா, நீங்கள் படுத்தது எந்த இடம். வேலையைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம். வீட்டைச் சொல்ல ஆரம்பித்தவர் கால்மணி நேரத்தில் தானே அந்த நாளுக்கு வந்து சேர்வார். பேரைக் கொடுத்த நாள், அண்ணன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போன நாள். அப்போது குறுக்கே பேசாதீர்கள். "அது அந்தக் காலம்", "எல்லாம் விதி" என்று மூடிவைக்காதீர்கள். அவர் முடித்ததும் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "உங்க பங்கு போனது எனக்குத் தெரியும்பா. நான் மறக்க மாட்டேன்."

நாற்பது வருஷமாக அவர் காத்திருப்பது பணத்துக்கு என்று நீங்கள் நினைத்தால் தவறு. தான் இழந்ததை ஒருவர் ஒப்புக்கொள்ளக் காத்திருக்கிறார். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. மகனாவது ஒப்புக்கொண்டால், கிரகப்பிரவேசத்துக்கு நீங்கள் போவது அவரைக் கைவிட்டுப் போவதாக இருக்காது.

பெரியப்பாவிடம் விசேஷத்துக்கு முன்னால் ஒருநாள் தனியாகப் போங்கள். அன்றைக்குக் கணக்குப் பேசாதீர்கள். "அப்பா மனசுல ஒரு வருத்தம் இருக்கு பெரியப்பா. உங்களால அந்தச் சம்பளம் வரலைன்னா நம்ம ரெண்டு வீடும் நின்னிருக்காது. ஆனா அந்த வேலை நம்ம ரெண்டு வீட்டு நிலத்துக்கும் வந்தது. இதை நீங்க ஒருதடவை அப்பாகிட்ட வாய்விட்டுச் சொன்னா போதும்" என்று சொல்லுங்கள். அவர் கோபப்படலாம். தான் எவ்வளவு செய்தேன் என்று பட்டியல் போடலாம். போடட்டும், கேளுங்கள். இரவு ஷிஃப்ட் பார்த்து, தூசியில் இருமி, தங்கையின் கல்யாணக் கடனை அடைத்தவர் அவராகவும் இருக்கலாம். மூத்தவர்களுக்கென்று ஒரு தனிமை உண்டு. எல்லோருக்கும் கடன்பட்டவர் என்ற பட்டத்தோடே இத்தனை வருஷம் வேலை பார்ப்பது லேசில்லை. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியே வருகிறபோது, வட்டத்தின் எண்ணும் போய்விடுகிறது. பழைய வீட்டின் நிலையை அவர் இத்தனை வருஷம் பாதுகாத்து வைத்திருந்தார் என்பதை உங்கள் அப்பா திருட்டாகப் பார்க்கிறார். எனக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. போக இடம் தேடிய ஒரு மனிதர், தான் வந்த வாசலைக் கையோடு எடுத்து வைத்திருக்கிறார்.

அடுத்து, அத்தை. உங்கள் கடிதத்தில் அத்தைக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த வேலை அண்ணனுக்கா, தம்பிக்கா என்று நாற்பது வருஷமாக நடக்கும் வழக்கில் தங்கை பெயர் எங்கேயும் இல்லை. அதே வீட்டில் பிறந்தவர், அதே களத்தில் நெல் தூற்றியவர். தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தந்த சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25 முதல்தான் நடைமுறைக்கு வந்தது, அதுவும் அன்றைக்குக் கல்யாணம் ஆகாதவர்களுக்கு. நாடு முழுவதற்கும் 2005இல் வந்தது. உங்கள் நிலம் அதற்கெல்லாம் முன்பே போய்விட்டது. பங்கு கேட்க வழியில்லாதவர்தான் இரண்டு வீட்டுக்கும் இன்றும் படியேறுகிறார். தம்பி, உங்கள் குடும்பத்தை இத்தனை காலம் குடும்பமாக வைத்திருந்தவர் அவர். அண்ணன் தம்பியை ஒரே பாயில் உட்காரவைக்க முடியுமென்றால் அவரால்தான் முடியும். போய்க் காலைத் தொட்டுக் கேளுங்கள். கிரகப்பிரவேசத்தில் உடன்பிறந்தவளுக்குரிய மரியாதையைப் பெரியப்பா குறைவில்லாமல் செய்கிறாரா என்றும் பாருங்கள்.

வழக்குப் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் யாராவது உங்கள் அப்பா காதில் போட்டிருப்பார்கள். வேண்டாம். அந்தக் காலத்திலேயே முடிந்துபோன இழப்பீட்டை இன்று நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் காலவரையறைச் சட்டத்தில் முட்டி நிற்கும். மிச்சமிருக்கும் உறவையும் வக்கீல் கட்டணத்தையும் சேர்த்து இழப்பீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நிலத்தை இன்னும் கையில் வைத்திருப்பவர்கள் கூட்டுப்பட்டாவை அப்படியே விட்டுவைக்காதீர்கள். தாத்தா பெயரில் பட்டா கிடந்தால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, அத்தைகள் உட்பட எல்லா வாரிசுகளின் பெயரையும் ஏற்றுங்கள். முடிந்தால் பாகம் பிரித்துப் பதிவுசெய்து உட்பிரிவு பட்டா வாங்குங்கள். கையகப்படுத்தும் அறிவிப்பு வந்தால் எந்தச் சட்டத்தின்கீழ் எடுக்கிறார்கள் என்று முதல் பக்கத்திலேயே பாருங்கள், உங்கள் உரிமை அதைப் பொறுத்தது. 2013ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் குடும்பம் என்பதற்கே புதிய அளவு வைத்தது. வயது வந்தவர் ஆணோ பெண்ணோ, கல்யாணம் ஆனவரோ ஆகாதவரோ, தனிக் குடும்பமாகக் கணக்கு. விதவையும், விவாகரத்தான பெண்ணும், கைவிடப்பட்ட பெண்ணும் அப்படியே. உங்கள் தாத்தா காலத்தில் இப்படி ஓர் எண்ணம் இருந்திருந்தால் அந்தத் திண்ணைப் பேச்சு வேறு மாதிரிப் போயிருக்கும்.

வேலையோ பணமோ ஒருவர் பெயரில் வரப்போகிறது என்றால், வருவதற்கு முன்னாலேயே மற்றவர்களுக்கு என்ன செய்வது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். "நமக்குள்ள என்ன எழுத்து?" என்று பெரியவர்கள் கோபிப்பார்கள். எழுதாத வாக்கினால் பிரிந்த அண்ணன் தம்பிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். எழுதியதால் பிரிந்தவர்கள் குறைவு.

கடைசியாக உங்கள் மகள். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிள்ளைகளிடம் இருபது கேள்விகள் கேட்டுப் பார்த்தார்கள். உன் தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அம்மாவும் அப்பாவும் எப்படிச் சந்தித்தார்கள், குடும்பத்தில் நடந்த கெட்டது எது, இப்படி. பதில் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை கூடுதலாக இருந்தது. பதிலை மனப்பாடம் செய்யவைத்தால் பலன் வந்துவிடாது, அந்தக் கதைகளை உட்கார்ந்து சொல்லும் நேரம்தான் முக்கியம் என்பதையும் அவர்களே சொன்னார்கள். வீட்டுக் கதைகள் மூன்று விதம் என்பார் டியூக். கீழிருந்து மேலே வந்தோம் என்பது ஒன்று. எல்லாம் இருந்தது, இழந்தோம் என்பது இன்னொன்று. ஏறினோம், இறங்கினோம், ஆனாலும் சேர்ந்தே இருந்தோம் என்பது மூன்றாவது. பிள்ளைகளுக்குத் தெம்பு தருவது இந்த மூன்றாவது கதைதான்.

பெரியப்பா வீட்டில் சொல்லப்படுவது முதல் கதை. உங்கள் வீட்டில் சொல்லப்படுவது இரண்டாவது. நிலமும் வீடும் ஒன்றுதான், தாத்தாவும் ஒருவர்தான். ஆனால் பேரன்கள் இருவரும் இருவேறு ஆட்களாக வளர்ந்தீர்கள். மகளுக்கு எந்தக் கதையைச் சொல்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது. அதில் கொள்ளுத்தாத்தாவின் நாலு ஏக்கரும் வரட்டும், தாத்தாவுக்கு வேலை கிடைக்காததும் வரட்டும், பெரிய தாத்தாவின் அரிசி மூட்டையும் வரட்டும், பண்ருட்டிப் பாட்டியும் வரட்டும், பன்னிரண்டு வருஷமாகச் சுரங்கத்தில் அவளுடைய அப்பா செய்யும் வேலையும் வரட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை உங்கள் அப்பாவின் பக்கத்தில் உட்காரவைத்து, பழைய வீட்டை ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். அவர் சொல்லச் சொல்ல அவள் வரையட்டும்.

அந்தப் படத்தைக் கிரகப்பிரவேசத்துக்கு எடுத்துப் போங்கள். மொய்க் கவரோடு சேர்த்துப் பெரியப்பா கையில் கொடுங்கள்.

உங்கள் அப்பா அன்றைக்கு வரலாம், வராமலும் போகலாம். வண்டி புறப்படும்போது ஒருமுறை கூப்பிடுங்கள், இரண்டாவது முறை வேண்டாம். அவர் வரவில்லை என்றால், விருந்துச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வராதீர்கள். ராத்திரி அவர் கேட்காமல் அங்கே நடந்தது எதையும் சொல்லாதீர்கள். கேட்டால், நிலைவாசலிலிருந்து ஆரம்பியுங்கள். எந்தத் திசை பார்த்து வைத்திருக்கிறார்கள், மேல்சட்டத்துச் செதுக்கு வேலை அப்படியே இருக்கிறதா, நுழையும்போது குனிய வேண்டியிருந்ததா என்று சொல்லுங்கள்.